கதவில்லாத சபை

…கதவில்லாத சபை இல்லம்மா, கத்தோலிக்க சபை, எத்தனை தடவை சொல்லியிருப்பாள் ஷெர்னெல், பதினைந்து வயதில், பள்ளிக்கூடத் திமிரோடு, 'பரிசுத்த கத்தோலிக்க சபையை விசுவாசிக்கிறேன்னு சொல்லணும், கத்தோலிக்கன்னா பொதுன்னு அர்த்தம்', அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, 'பொதுன்னா கதவு எதுக்குடி?' என்றாள், விசுவாசப் பிரமாணம் முழுவதையும் காதாலேயே கற்றவள், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவள்… இப்போது இந்தத் தகரக்கூரையின் கீழே முப்பது பேர் அதையே சொல்கிறார்கள், அந்தச் சொல் வரும்போது ஷெர்னெலின் நாக்குதான் தடுக்குகிறது. அம்மா திரைக்கு அந்தப் பக்கம், துக்க அறையில், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, மண் தரையில், உபவாசமாக, ஏழு நாளாக, சாவுத் துக்கமல்ல, ஆவியில் பயணம் போக இந்தச் சபையார் இருக்கும் துக்கம். இன்று வெளியே வருவாள், எங்கெங்கே நடந்தேன் என்று சொல்வாள். ஷெர்னெலின் பையில் கடிதம். புதன்கிழமை வந்தது, ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

நகரத்துப் பெரிய சபையின் கடிதம், வழவழப்பான தாள்… போதகர் பயிற்சிக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ள மகிழ்ச்சி, ஆனால் உங்கள் தாயாரின் சபையில் பெற்றதை ஞானஸ்நானமாகக் கருத இயலாது, மறுபடி பெறச் சம்மதம் என்று கையெழுத்திட்டுத் தரவும். கெடு நாளை. கருத இயலாதாம். பன்னிரண்டு வயதில், தீவின் கிழக்கே மயாரோ கடலில், பிதா என்று ஒரு முழுக்கு, குமாரன் என்று ஒன்று, பரிசுத்த ஆவி என்று ஒன்று, மூக்கெல்லாம் உப்பு, இடுப்பளவு தண்ணீரில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு… எது குறைந்தது? தண்ணீர் போதவில்லையா? அட்லாண்டிக் முழுக்க இருந்ததே! நேர்காணல் அறையில் அவர்கள் நான்கு பேர், கண்ணாடிக்காரர் கேட்டார், உங்கள் அம்மாவின் சபையில் பித்தளைச் சொம்பில் பூ வைப்பார்களாமே, அது இந்துக்கள் வழக்கம் இல்லையா? உங்கள் கிறிஸ்மஸ் மரம் எந்தச் சுவிசேஷத்தில் முளைத்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டாளா? 'சின்ன வயசுல போனதுங்க, இப்போ போறதில்லை' என்றாள். இந்த வாய்தான். இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியின் வாய். அவர்கள்மேல் வருகிற கோபத்தைவிட அந்த ஒரு வரியின்மேல் வருகிற கோபம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது…

மணி. மூப்பர் டெஸ்மண்ட் மூன்று முறை அடித்தார், திரை விலகியது. அம்மாவா? கன்னம் ஒட்டி, கால் தள்ளாடி, கண்ணில் கட்டோடு, ஆனால் முகம்… காலையில் கடல்மேல் வெயில் விழுமே, அதைப் பார்த்ததுபோலக் கூசியது. 'நடந்தேன்' என்றாள் அம்மா. குரல் அவளுடையதுதான், ஆழம் வேறு. 'இந்தியாவுல நடந்தேன், ஒரு பொம்பளை சொம்புல தண்ணி கொடுத்தா.' பின்வரிசையிலிருந்து மெர்ல் அத்தை அம்மாவைக் கேட்டாள், 'கால்ல செருப்பு இருந்துச்சா யுடோரா?' 'வாயை மூடுடி மெர்ல், உன்னையும் பார்த்தேன், அங்கேயும் பானையைத்தான் துழாவிட்டிருந்தே!' கூரை அதிரச் சிரிப்பு. ஷெர்னெலும் சிரித்தாள், சிரித்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் அம்மா, 'அப்புறம் ஒரு பெரிய கோயில், வானம் மாதிரி, எல்லாச் சாதி சனமும் உள்ளே, அங்கே என் மக நின்னா, கையில ஒரு தாளு, டொக்கு டொக்குன்னு தட்டுறா, பைத்தியக்காரி, அங்கே கதவே இல்லை, வெறுங்காத்தைத் தட்டுறா, அதுக்கும் சத்தம் கேட்குது' என்றாள்.

தாள். யார் சொன்னது? பையைத் தடவிப் பார்த்தாள், கடிதம் உள்ளேதான் இருந்தது. இந்த மாதிரித் தரிசனத்துக்குப் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது, பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள், மதிப்பெண்கூட நல்ல மதிப்பெண்தான், அந்தப் பெயர் இப்போது வரமாட்டேன் என்கிறது. பாட்டு ஆரம்பித்துவிட்டது, தரை நடுங்குகிறது, அம்மாவுக்கு இளநீர் கொடுக்கச் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள், டம்ளரை உதட்டில் வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்… 'அம்மா, தட்டினப்போ நான் வெளியே நின்னேனா?' அம்மா நிதானமாகக் குடித்தாள், கட்டிய கண்ணை அவள் பக்கம் திருப்பினாள். 'அதான் கதவே இல்லைங்கிறேனே, எந்தப் பக்கம்னு நான் எப்படிடி சொல்றது?'… உள்ளேயிருந்துமா ஒருத்தி தட்டுவாள்? நாளைக்குள் கையெழுத்து. ஷெர்னெல் தன் வலக்கையைப் பார்த்தாள், விரல் முட்டி சிவந்திருக்கிறதா என்று, நிஜமாகவே பார்த்தாள்.