தனி ஏற்பாடு

என் தம்பிக்குப் பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. மணி அடித்து இருநூறு பேரை வெளியே ஓடவைத்து, தலையை எண்ணி, மறுபடி உள்ளே அனுப்புவதற்கு அங்கே அவனை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? அந்த வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆற்றுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு மண்கரை, ஒரு வரிசை வீடு, அவ்வளவுதான். மேலே அணை. ஒரு வருட மழையில் தண்ணீர் தெருமுனை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அன்று பிடித்தது இவனுக்குப் பைத்தியம். மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினான். அணையைத் திறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தால் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தான். அவன் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடி, பத்திரங்கள் இருக்கும் உறையை எடுப்பான். அவன் மனைவிக்கு மருந்துப் பை, குடிதண்ணீர், கடைசியில் வாசல் கதவைப் பூட்டுவது. பெரிய மகளுக்கு டார்ச்சும் தங்கையின் கையும். சின்னவளுக்கு மாற்றுத்துணிப் பை. எனக்கு நேராக, ‘நாற்காலியில் உட்காரவைத்து இருவர் தூக்குவது’ என்று இருந்தது.

நான் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். கல்யாணம் கூடிவரவில்லை, நானும் அதற்காக அழுது புரளவில்லை. இடுப்பெலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தபிறகு வாக்கர் இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. அதனால் தம்பி வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் தவிர என்னிடம் வேறு என்ன ஓடுகிறது, அதுவாவது ஓடட்டும் என்று விட்டிருந்தேன்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. தம்பியும் பெரியவளும் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். வாசற்படியில் நாற்காலிக் கால் மாட்டிக்கொண்டது. பெரியவளின் கை வழுக்கி நான் ஒருபக்கமாகச் சாய, அவள் அம்மா கையிலிருந்த தண்ணீர்க் கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருவின் மறுமுனையில் இருக்கும் மேட்டுக்குப் போய்ச் சேரப் பதினோரு நிமிடம் ஆனது. நான்கு நிமிடத்துக்குள் போயாக வேண்டும் என்பது தம்பியின் கணக்கு. அடுத்த ஞாயிறு வாக்கரில் என்னையே நடக்கச் சொன்னான். பதினான்கு நிமிடம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தம்பி மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது ஞாயிறு தம்பி என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். ஒத்திகை என்றால் உடம்புக்குப் பழக வேண்டும், நேரம் கெட்டால் பிள்ளைகளுக்கு வேகமே வராது, அதனால் ஒத்திகைக்கு மட்டும் நான் வேண்டாம் என்று விளக்கினான். நான் சும்மா இருக்க வேண்டியதில்லையாம். ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்தான். அவன் ‘கிளம்பு’ என்றதும் அழுத்த வேண்டும். மேட்டில் ஏறியதும் அவன் போன் செய்வான், அப்போது நிறுத்தி நேரத்தைச் சொல்ல வேண்டும். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு உத்தியோகம் கிடைத்ததே. ஃபிரிட்ஜ் தாளில் என் கட்டத்தை அடித்துவிட்டு, ‘தனி ஏற்பாடு’ என்று சிவப்பு மையில் எழுதினான். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.

இரண்டு வருடம் யோசித்தான். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஒத்திகை நடந்தது. நான்கு பேரும் என்னைத் தாண்டி ஓடுவார்கள், கதவு சாத்திக்கொள்ளும், பூட்டு விழும், நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காலி வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒத்திகையில் கூடப் பூட்டாமல் விடக் கூடாது என்பது அவன் விதி. மேட்டில் தம்பி தலைகளை எண்ணுவான். நாலு. சரி. இன்னொரு விதியும் இருந்தது, அதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வெளியே வந்தபிறகு எதற்காகவும் யாரும் திரும்பிப் போகக் கூடாது.

எங்கள் மாடி வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் தனியாகக் குடியிருந்தான். தம்பிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மெக்கானிக் தன் பைக்கை வெளியேறும் வழியில் நிறுத்தி ஒத்திகையை ஐந்து விநாடி கெடுத்துவிட்டானாம். கேட்டுக்கு வெளியே நிறுத்தும்வரை அவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று தம்பி சபதம் போட்டிருந்தான். மாடிப்படி எங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, மொத்தம் பதினெட்டுப் படி. அந்தப் படிகள் ஃபிரிட்ஜ் தாளில் எங்கேயும் இல்லை.

அணையைத் திறந்த அன்று சனிக்கிழமை, மாலை நான்கு மணி. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் கத்திக்கொண்டே போனது. தம்பி சமையலறையிலிருந்து ‘கிளம்பு’ என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், என் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. மெயின் சுவிட்ச் அணைந்தது. மருந்துப் பை போனது. டார்ச், தங்கையின் கை, துணிப் பை எல்லாம் வரிசையாக என் முன்னால் போயின. ஒருவர்மேல் ஒருவர் இடிக்கவில்லை, அவ்வளவு அழகு. கதவு சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது. எனக்கும் உறைக்கவில்லை. முள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன், வெட்கக்கேடு.

போன் அடித்தது.

“வந்துட்டோம்க்கா. எவ்வளவு?”

“மூணு நிமிஷம் நாப்பத்தொன்னு,” என்றேன்.

“அட, இதுவரைக்கும் இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையே,” என்றான். வழக்கம்போலத் தலைகளை எண்ணினான். நாலு.

“அக்கா, நீ உள்ளயா இருக்க?” என்று கேட்டான். வேறு எங்கே இருப்பேன், பாவி.

பதில் சொல்வதற்குள் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறர் பேச்சைக் காதில் வாங்கியே பிழைப்பு நடத்தியவள் நான், துணிக்கு அடியிலிருந்து வந்தாலும் ஒரு சொல் தவறாது. சின்னவள் ‘அத்தை, அத்தை’ என்று அழுதாள். தம்பி மனைவி, சாவி தன்னிடம்தான் இருக்கிறது, தரட்டுமா, போகிறீர்களா என்று கேட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்டாள்.

“யாரும் திரும்பிப் போகக் கூடாது,” என்றான் தம்பி. “அக்காவுக்குத் தனியா ஏற்பாடு பண்ணிக்கலாம். வண்டியில ஏறுங்க.”

மேட்டில் ஆட்களை ஏற்றிப்போக நின்ற லாரியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, இஞ்சின் உறுமியது, அப்புறம் போன் அணைந்துவிட்டது. நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் நிதானமாக மெத்தையைச் சுருட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசற்படியைத் தண்ணீர் தொட இன்னும் முழுசாக அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணியில் நானே வாக்கரில் மேட்டுக்குப் போய்த் திரும்பியே வந்திருப்பேன், கதவு மட்டும் திறந்திருந்தால்.

தனி ஏற்பாடு என்று யாரையாவது அனுப்புவான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மாடியேறிவிட்டிருந்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை. வாக்கரால் கதவை இடித்தேன். தம்பிக்கு நானே போன் செய்தேன், அது அணைந்தே கிடந்தது. தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து, கட்டில் காலைத் தொட்டு, என் முட்டிவரை ஏறியது. குளிர்ந்த தண்ணீர், சாக்கடை நாற்றம். வயது ஐம்பத்தெட்டு, போதாதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போதவில்லை. செத்துப்போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை என்று அன்றுதான் தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மெக்கானிக் வேலையிலிருந்து வந்தது நல்ல நேரம். பைக்கை மாடிப்படியில் ஏற்ற வந்தவன் என் சத்தத்தைக் கேட்டு, பைக்கை அப்படியே போட்டுவிட்டு இரும்புக் கம்பியால் பூட்டை உடைத்தான். பைக்கைத் தண்ணீர் கொண்டுபோனது. என்னைச் சிலிண்டர் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுப் படியும் ஏறினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே கொண்டுபோய் உட்காரவைத்து, துண்டு கொடுத்து, நான் இவ்வளவு இலேசாக இருப்பேன் என்று நினைக்கவில்லை என்றான். அன்றும் மறுநாளும் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து தம்பி குடும்பம் திரும்பி வந்தது. கீழ்வீடு முழுக்கச் சேறு, அதனால் எல்லோரும் மாடியில் மெக்கானிக் வீட்டுக்குத்தான் வரவேண்டியிருந்தது. தம்பி என் முன்னால் நின்று கையைப் பிசைந்தான். விதி என்றால் எல்லோருக்கும்தானே, அவனே மீறினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்றான். நான் அவனிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். சித்தியும் சித்தி மகனும், இன்னும் நாலைந்து பேர், கூடம் நிறைந்துவிட்டது. சித்திக்கு எதையும் சுற்றிவளைக்கத் தெரியாது. நடக்க முடியாதவளை எப்படி விட்டுவிட்டுப் போனீர்கள் என்று நேராகவே கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“அக்காதான் போகச் சொன்னா சித்தி. ‘புள்ளைங்களக் கூட்டிட்டுப் போ, நான் இருந்துக்கறேன்’னா. கையப் பிடிச்சு இழுத்தும் வரமாட்டேன்னுட்டா.”

அவன் குரல் உடைந்தது. அழுகை நடிப்பில்லை, அதுதான் கொடுமை. சொல்லும்போதே அவன் நம்பத் தொடங்கிவிட்டான். சித்தி வாயில் கைவைத்தாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னிடம் வார்த்தை இருந்தது, இருபத்தாறு வருடமாகத் தீட்டிய வாய். ஆனால் சின்னவள் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சேற்றைக் கழுவியபிறகு என் கட்டிலை எந்த வீட்டில் போடுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. நான் கோழை, ஒத்துக்கொள்கிறேன்.

“ஆமா, நான்தான் போகச் சொன்னேன்,” என்றேன்.

சித்தி எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவி முத்தமிட்டாள். என் பெரிய மனசைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். தம்பி மனைவி விம்மி விம்மி அழுதாள், அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அடுப்படி வாசலில் நின்றிருந்த மெக்கானிக் மட்டும் என்னையே பார்த்தான்.

“அப்ப நான் எதுக்கு பூட்ட உடைச்சேன்?” என்று கேட்டான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பைக் போன துக்கத்தில் என்னவோ பேசுகிறான் என்று சித்தி மகன் சமாதானம் சொன்னான். அடுத்த மாதமே மெக்கானிக் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். மாடியைப் பூட்டிவைத்திருக்கிறார்கள்.

இப்போது ஊரெல்லாம் என் கதைதான். தொழிற்சாலையில் பயிற்சி வகுப்பில் தம்பி அதைச் சொல்கிறானாம், கேட்டவர்கள் கண் கலங்குகிறார்களாம். போன ஞாயிறு ஃபிரிட்ஜில் புதுத் தாள் ஒட்டினான். கட்டமெல்லாம் சுத்தமாக, நான்கு பேருக்கு. சின்னவள் அதை விரல் வைத்து வாசித்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள், அடுத்த தடவை தண்ணீர் வந்தாலும் நான் அப்படியே சொல்வேனா என்று கேட்டாள்.

“சொல்லுவாங்கடி,” என்றாள் அவள் அம்மா, என் தலையணையைச் சரிசெய்துகொண்டே. “அத்தைக்கு நம்ம மேல அவ்வளவு உசிரு.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதாகக் காலையில் செய்தியில் வாசித்தார்கள். சாகப் பயமாக இருக்கிறது என்று இந்த வீட்டில் யாரிடமும் இனி நான் சொல்ல முடியாது.