ஒரு விரல் இறக்கம்

அண்ணன் நான்காவது முறையாகப் பொத்தானை அழுத்தினான். பொத்தானுக்குள் விளக்கு எரிந்ததே தவிர, லிப்ட் வரவில்லை. அவனுக்குப் பின்னால், சக்கரம் வைத்த படுக்கையில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி அப்பா படுத்திருந்தார். அமரர் வண்டியோடு வந்த இருவரும் படுக்கையின் இரு முனைகளிலும் கை வைத்தபடி, எல்லா வீட்டையும் பார்த்துவிட்ட முகத்தோடு நின்றார்கள்.

"அது வராதுண்ணா," என்றாள் அவள். "சத்தமே இல்ல பாரு."

"இன்னிக்காவது உன் லிப்ட் புராணத்தை நிறுத்தறியா?"

அவள் காது தானாகவே கதவிடுக்குக்குப் போயிருந்தது. நேற்று மாலை ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்த அப்பா நிமிரவேயில்லை. அப்போதிலிருந்து இந்த நேரம்வரை அவளுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. வந்தவர்கள் பேசியதெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருந்தது. இப்போது கேட்டது. கதவுக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே நடக்காத சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

காவலாளி ஏழு மாடியும் படியேறி வந்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். "ரெண்டாம் மாடியில நின்னுபோச்சு. கம்பெனிக்குப் போன் போட்டேன். ரெண்டு மணிக்கு மேலதான் வருவாங்களாம்."

மணி பத்தேகால். பன்னிரண்டுக்கு மின்மயானத்தில் அவர்கள் முறை, தவறினால் நாளைக்குத்தான். வண்டி பதினொன்றரைக்காவது கிளம்ப வேண்டும்.

"படியில கொண்டு போயிடலாம் சார்," என்றார் வண்டிக்காரர்களில் மூத்தவர். "ஆனா திருப்பத்துல படுக்கை திரும்பாது. பெல்ட்டு போட்டுக் கட்டி, நிமிர்த்தித்தான் இறக்கணும்."

"நிமிர்த்தியா?"

அம்மா கேட்டது அந்த ஒரு சொல்தான். வாசலருகே நாற்காலியில், இரண்டு முழங்கால் மேலும் இரண்டு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முழங்கால்களால் ஒரு மாடிகூட இறங்க முடியாது. லிப்ட் ஓடாவிட்டால் அம்மா இந்த வாசலோடு சரி. நாற்பது வருஷம் கூட வந்தவரை, நிற்க வைத்துக் கட்டி, படியில் தடதடவென்று இறக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

"மெஷின் ரூம் சாவி குடுங்க," என்றாள் அவள் காவலாளியிடம்.

"நீ வேற கம்பெனி ஆளாச்சேம்மா. கை வெச்சேன்னு தெரிஞ்சா என்னைத் தொங்க விட்டுடுவாங்க."

"லைசென்ஸ் இருக்கு. என்ன செஞ்சேன்னு உங்க நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

காவலாளி படுக்கையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார்.

சுவரோரம் இதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற, அவளோடு லிப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் பார்ட்னர், தோள்பையை இழுத்து விட்டுக்கொண்டான். வேலைக்குப் போகும் வழியில் துக்கம் கேட்க வந்தவன். எந்த மெஷினைத் திறந்தாலும் அதோடு வாய்ச்சண்டை போடுவான் என்பதால் அவனுக்குப் பஞ்சாயத்து என்று பெயர். அவளுக்கு டாக்டர். ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து மோட்டாரைக் கேட்பதால் வந்த பெயர்.

"வா டாக்டர்," என்றான். "பேஷண்ட்டைப் பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா மட்டும் லேசாகத் தலையை ஆட்டினாள், போ என்பது போல.

மூன்று வருஷத்துக்கு முன், கல்லூரி இரண்டாம் வருஷத்தில், ஒரு கடைக்கட்டிடத்து லிப்டில் அவள் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். கூட இருந்தவர்களில் ஒருத்தி அழுதாள், ஒருவர் கதவை உதைத்தார். மெக்கானிக் மேலேயிருந்து கூரைப்பலகையைத் திறந்தபோது எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். இவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். இருட்டுக்குள் நேராக மேலே போகும் கம்பிவடங்கள், எண்ணெய் வாசனை, எங்கோ உச்சியில் டக், டக் என்று யாரோ யோசிப்பது போன்ற சத்தம். வெளியே இழுத்துவிட்ட பிறகும் அவளுக்கு நகர மனமில்லை. அடுத்த மாதம் கல்லூரியை விட்டு லிப்ட் வேலையில் சேர்ந்தாள்.

"மேல போறதும் கீழ வர்றதும் ஒரு வேலையா?" என்று அப்பா கேட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வசையைவிட அந்த மௌனம் நீளமாக இருந்தது. சாப்பிடும்போது மட்டும் வாரம் ஒரு தடவையாவது சொல்வார்: "இன்னிக்கும் ஒரு விரல்." ஏழாம் மாடியில் லிப்ட் எப்போதும் தரைக்கு ஒரு விரல்கடை கீழேயே நிற்கும். வீட்டிலிருந்து போகும்போது இறங்க வேண்டும், வரும்போது ஏற வேண்டும். அம்மா ஒருமுறை அதில் தடுக்கி விழுந்திருந்தாள். "அது எங்க கம்பெனி லிப்ட் இல்லப்பா," என்பாள் இவள். அவ்வளவுதான். இருவரும் தட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

மொட்டைமாடி அறையைத் திறந்ததும் சூடான இரும்பு வாசனை வந்தது. இந்தக் கட்டிடம் முன்பு மருத்துவமனையாக இருந்ததாம். படுக்கையோடு ஆளை ஏற்றும் நீள லிப்ட், பழைய கண்ட்ரோல் பெட்டி, அதில் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேக்கள் வரிசையாக. இத்தனை வருஷம் தன் வீட்டுக் கூரைமேல் இருந்ததை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

எல்லா மாடிக் கதவும் முழுசாகப் பூட்டினால்தான் மின்சாரம் ஒரு சுற்று வரும், லிப்ட் நகரும். எங்கோ ஒரு கதவு பூட்டாமல் பூட்டியது போல நடிக்கிறது. அதை அமுக்கினால் இங்கே ரிலே தட்டும்.

"கீழ இறங்கிட்டே போ," என்றாள். "ஒவ்வொரு கதவையும் தோளால அமுக்கு. போனை வைக்காத."

இதுவரை தனியாக ஒரு கோளாறை அவள் கண்டுபிடித்ததில்லை. பக்கத்தில் சூப்பர்வைசர் இருப்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டிவிடுவார். இன்று நீட்ட ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏழு," என்றான் பஞ்சாயத்து போனில். ஒன்றுமில்லை.

"ஆறு. இவன் நல்லவன்." ஒன்றுமில்லை.

"அஞ்சு."

ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருஷமாக அவள் துரத்திக்கொண்டிருந்தது இந்த அறையில், கையெட்டும் தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"நாலு."

டக்.

"திரும்ப!" என்று கத்தினாள். "திரும்ப அமுக்கு!"

டக்.

"அதான்! அதேதான்! விடாத!"

தன் குரல் தனக்கே கேட்டது. கல்யாண வீட்டில் கூவுகிறவளைப் போன்ற குரல். கீழே அப்பா படுத்திருக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளும் உதடு சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

போனில் பஞ்சாயத்து யாருடனோ பேசினான். நாலாம் மாடி வீட்டுப் பெண்ணின் குரல் பதறியது. "ஐயோ, நான்தான் ஒட்டினேன் தம்பி. காலையிலேருந்து வர்றவங்க போறவங்க கதவை டமால் டமால்னு விடறாங்க. துக்க வீட்டுக்குக் கேக்குமேன்னு சட்டத்துல கம்பளித்துணிய ஒட்டினேன். சத்தம் வரக்கூடாதுன்னுதான்..."

"சத்தம் மட்டுமாக்கா வரல? லிப்டும்தான் வரல," என்றான் பஞ்சாயத்து. பிறகு குரலைத் தணித்து, "பரவால்லக்கா. அழாதீங்க. பிச்சுட்டேன்" என்றான்.

ரிலேக்கள் வரிசையாகத் தட்டின. பெரிய சக்கரம் ஒரு குலுக்கலோடு சுற்றத் தொடங்கியது. அவள் சுவரில் சாய்ந்து அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது என்பது கழுத்தில் வழிந்தபோதுதான் தெரிந்தது.

கீழே வந்தபோது மணி பத்து ஐம்பது. லிப்ட் ஏழாம் மாடியில் கதவு திறந்து நின்றது, வழக்கம்போல ஒரு விரல் கீழே. அண்ணன் அவளைப் பார்த்தான். "சரி, எடுக்கலாம்."

காவலாளி லிப்ட் புகார் நோட்டை நீட்டினார். "மறக்காம எழுதிடும்மா."

பக்கத்தைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ஏழாம் மாடி, ஒரு விரல் இறக்கம். ஏழாம் மாடி, ஒரு விரல் இறக்கம். கம்பெனிக்காரர் வந்தார், ஓடுகிறதே என்றார், போனார். கடைசியாகப் போன வாரம்: ஏழாம் மாடி, ஒரு விரல் இறக்கம். வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம்.

"வேற ஆளுன்னா யாரு சார்னு கேட்டேன்," என்றார் காவலாளி. "ஆள் பக்கத்துலதான் இருக்குன்னாரு. கூப்பிட வேண்டியதுதானேன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

அவள் நோட்டை மூடினாள்.

"அண்ணா, இருபது நிமிஷம் குடு."

"பைத்தியமா உனக்கு? அதான் ஓடுதே!"

"இருபது நிமிஷம்."

"குடுடா," என்றாள் அம்மா.

லிப்டின் கூரைமேல் ஏறி, முதலில் நிறுத்தும் சுவிட்சைத் தட்டினாள். பஞ்சாயத்து விளக்கைப் பிடித்தான். ஏழாம் மாடிக்கு நேராக, சுவர்த் தண்டவாளத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. இங்கே நில் என்று லிப்டுக்குச் சொல்வது அதுதான். கட்டிய நாளிலேயே யாரோ ஒரு விரல் தாழ்த்தி முடுக்கிவிட்டு, மேலே பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தான்.

"எந்த மகராசன்டா இவன்," என்று பஞ்சாயத்து ஆரம்பித்தான்.

"அப்புறம் திட்டலாம். வெளிச்சத்தைக் காட்டு."

நட்டு இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவதில் முனகிக்கொண்டு விட்டது. தகட்டை ஏற்றி, முடுக்கி, ஓட்டிப் பார்த்தாள். ஒரு மயிரிழை மேலே. மறுபடி ஏறி, தளர்த்தி, கட்டைவிரலால் தட்டினாள். இந்தமுறை சரியாக நின்றது. ஆனால் காலிப் பெட்டி நிற்பது வேறு, பாரத்தோடு நிற்பது வேறு.

"உள்ள வாங்க எல்லாரும். அண்ணா, நீயும். எடை வேணும்."

"நான் எதுக்கு?"

"நீ ஒருத்தன் ரெண்டு பேருக்குச் சமம். வா."

அண்ணன் உள்ளே போய் நின்றான். வண்டிக்காரர்கள், காவலாளி, பஞ்சாயத்து என்று ஐந்து பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். கதவு திறந்ததும் அவள் குந்தி உட்கார்ந்து, பாதி தரையிலும் பாதி லிப்டிலுமாக உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். எங்கே தரை முடிகிறது, எங்கே லிப்ட் தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை.

பதினொன்று இருபது.

படுக்கையைத் தள்ளினார்கள். "பாத்து, இறக்கம் இருக்கு," என்றான் அண்ணன், வாய்ப்பழக்கத்தில். வண்டிக்காரர்கள் முன்சக்கரத்தைத் தூக்கப் போனார்கள்.

"தூக்காதீங்க," என்றாள் அவள். "அப்படியே போகட்டும்."

சக்கரங்கள் கோட்டைத் தாண்டின. ஒரு சத்தமும் வரவில்லை. அப்பாவின் மேலிருந்த துணி அசையக்கூட இல்லை.

அம்மா கடைசியாக வந்தாள். ஒரு கை மகளின் தோளில், மறுகை கதவில். எப்போதும் போல வாசலில் நின்று, வலது காலை நீட்டி, கட்டைவிரலால் அந்த இறக்கத்தைத் துழாவினாள். இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். கால் காற்றில் சற்றுநேரம் நின்றது. பிறகு பாதத்தை மெல்லத் தட்டையாக வைத்து, அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை யாரும் பொத்தானை அழுத்தவில்லை.