மலைக்குப் போய் வந்த கடிகாரம்

இப்போதெல்லாம் யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. மணி என்ன என்று கேட்டால் போனை எடுத்து, மணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அரசாங்கம் அதற்கு மேல். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடை நேரம் என்று சொல்லி ஊரில் உள்ள கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்கிறது. கொலராடோ மலையில் நான் பார்த்துக்கொள்ளும் விடுதியில் தள்ளுவது என் வேலை.

இந்த வருஷம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மார்லிஸ் எங்டால் வந்தாள். அறிவியல் புத்தகம் எழுதுகிறவள். அடுப்பு அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டியைச் சாப்பாட்டு அறை மூலையில் இறக்கினாள். அணுக் கடிகாரமாம். இதன் ஜோடி டென்வரில் அவள் நண்பன் அன்செல்மோ வீட்டு நிலவறையில் ஓடுகிறதாம். தரையை விட்டு மேலே போகப் போக நேரம் வேகமாக ஓடும், ஞாயிறன்று கீழே கொண்டுபோனால் இது அதை முந்தியிருக்கும் என்றாள். எதிர்காலத்துக்குப் போக எந்திரம் வேண்டாம், ஒரு மலை போதும் என்பது அவள் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். நீயே செய்து பார்த்தால்தான் அச்சேறும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். கடிகாரங்களோ இரவல், திங்களன்று திருப்பித் தர வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் எல்லாம் வீண், யாரும் தொடக் கூடாது என்றாள். வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது தொடக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலை வழக்கம்போல ஒவ்வொரு கடிகாரமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டி பழைய மணியையே காட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் திருகு இல்லை. பின்னால் பார்க்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் திருப்பினேன். பெட்டி கத்த ஆரம்பித்தது. மார்லிஸ் அப்பத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"டெல்பர்ட், என்ன பண்றீங்க?"

"ஒரு மணி நேரம் பின்னால இருக்கும்மா. சரி பண்றேன்."

"அதுக்குக் கோடை நேரமெல்லாம் கிடையாது. பிளக்கைக் குடுங்க, உள்ள இருக்கிற பேட்டரி தாங்காது."

பிளக் மேஜைக்குப் பின்னால் விழுந்திருந்தது. இரண்டு பேரும் தரையில் படுத்துத் துழாவினோம். பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. என் கையில் அகப்பட்டது, சொருகினேன். விளக்கு பச்சையானது, எண்கள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று மாலை பெட்டியை அவள் வேனில் ஏற்றி, வேன் பேட்டரியில் சொருகிக்கொண்டு, நானே ஓட்டினேன். உதவிக்காக இல்லை. போனில் எதை வேண்டுமானாலும் காட்டுவார்கள், என் கண்ணால் பார்க்க வேண்டும். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. உள்ளங்கையில் இருபத்தெட்டு என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் இருபத்தெட்டுத் துண்டு முந்தியிருக்க வேண்டுமாம்.

டென்வர் நிலவறையில் அன்செல்மோ இரண்டு பெட்டியையும் கம்பியால் ஒரே திரையோடு இணைத்தான். திரையில் எண் குதித்துக் குதித்து நின்றது.

இருபத்தேழு.

மார்லிஸ் துள்ளியதில் தலை மேலே குழாயில் இடித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அத்தியாயம் தப்பிச்சுது! டெல்பர்ட், கீழயே இருந்த அன்செல்மோதான் எதிர்காலத்துக்கு வந்துட்டான். உங்க மலையோட நேரத்துக்கு, தன்னோட நேரத்தைக் கொஞ்சம் கம்மியா செலவு பண்ணிட்டே வந்துட்டான்."

"சும்மா உட்கார்ந்திருந்தவன் பயணம் போனான். வண்டி ஓட்டின நான் கிழவனானேன். அப்படித்தானே?"

"அதேதான்," என்றான் அன்செல்மோ, சிரித்துக்கொண்டே.

"நாப்பது வருஷமா மலையில இருக்கேனே, எனக்கு எவ்வளவு போச்சு?"

மார்லிஸ் மனக்கணக்குப் போட்டாள். "ஒரு தடவை கண் சிமிட்டுற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்கு."

"அரசாங்கம் இன்னைக்கு ஒரே காலையில முழுசா ஒரு மணி நேரம் எடுத்துக்கிச்சும்மா. அதை யாரும் புத்தகமா எழுதலையே."

அது முள்ளை நகர்த்துவது, இது நேரமே நகர்வது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறினேன். கீழே அவர்கள் மறுபடியும் அளந்துகொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு என்றாள், இருபத்தேழு வந்தது. ஒன்று எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்து மலைக்குப் போகும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.