ராமாபுரத்தில் ஒரு சாவி

சந்துரு ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் விளக்கினான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இரண்டு சட்டைகளைக் கொடியில் போட்டான். அக்ரஹாரத்துக் கோயில் வாசலில் பூக்கடைகள் விரிக்கும் நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தான். எட்டேகாலுக்கு ஆபீசில் இருந்தான். மனைவி பூங்குழலி டெங்குவில் போய் ஏழு மாதமாக இதே வரிசைதான். வரிசை பிசகினால் அடுத்தது என்னவென்று கைக்குத் தெரியாது.

அன்று சர்வர் செத்துக் கிடந்தது.

சின்னக் கம்பெனி. தோட்டத்து மோட்டாரோடு மாட்டும் ஒரு பெட்டி செய்கிறார்கள். விவசாயி வீட்டிலிருந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். போனில் அமுக்குவது ஆபீஸ் சர்வர் வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். ஹனூர், கொள்ளேகால் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் ஓடுகின்றன. அங்கெல்லாம் மோட்டார் ஓடும் மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வரும், தோட்டத்தில் யானையும் வரும். இருட்டில் போய் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அதை வாங்கினார்கள்.

கண்டவனும் மோட்டாரைப் போட்டுவிடக் கூடாதே. அதனால் பெட்டியும் சர்வரும் பேசத் தொடங்குமுன் ஒரு முறை வைத்திருந்தார்கள். இரு பக்கமும் ஆளுக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஊரறியக் காட்டலாம்; மற்றது ரகசியம். பொதுச் சாவிகளை மாற்றிக்கொண்டு, அவரவர் ரகசியச் சாவியை அடுத்தவரின் பொதுச் சாவியோடு வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே விடை வரும். அந்த விடையைக் கொண்டுதான் பேச்சையெல்லாம் பூட்டுவது. விடை மட்டும் வெளியே போவதே இல்லை. சர்வரின் பொதுச் சாவி பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும். வேறு யாராவது வந்து கூப்பிட்டால் பெட்டி வாய் திறக்காது.

இதை எழுதியவள் பூங்குழலி. பக்கத்து மேஜைதான் அவளுடையது.

“டிஸ்க் போச்சுன்னா போகட்டும். பேக்கப் இருக்குல்ல?” என்றார் முதலாளி பரத்வாஜ்.

பேக்கப் எடுத்தவன் சந்துரு. கருமாதி முடிந்து வேலைக்கு வந்த முதல் வாரம் எடுத்தது. மூன்று இடங்களில் வைத்திருந்தான். மூன்றையும் திறந்து பார்த்தான். மூன்றிலும் ஒரே கோப்பு.

“சார், ரகசியச் சாவி இல்ல. பொதுச் சாவியத்தான் மூணு எடத்துலயும் வெச்சிருக்கேன்.”

பரத்வாஜ் கண்ணாடியைக் கழற்றினார். யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். “அது ஒவ்வொரு பெட்டிலயும் இருக்கே குரு. நானூத்திப் பன்னெண்டு பேக்கப் ஏற்கெனவே இருந்தது. நீ நானூத்திப் பதினஞ்சாக்கிட்ட.”

சந்துருவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. புதுச் சர்வர் ஒன்றை வைக்கலாம். ஆனால் எந்தப் பெட்டியும் அதை நம்பாது. ஒவ்வொன்றையும் தோட்டத்துக்கே போய்த் திறந்து மாற்ற வேண்டும். ஒன்றரை மாதம் ஆகும். மே மாதம், மல்பெரியும் தக்காளியும் தண்ணீருக்கு நிற்கின்றன. அதுவரை நானூறு பேர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்குவார்கள். தன்னால்.

வேறு வழியில்லாமல் பூங்குழலி எழுதிய கோப்பைத் திறந்தான். ஏழு மாதமாக அவள் எழுதியது எதையும் அவன் தொட்டதில்லை.

பெட்டிக்குள் பதியும் இடத்தில் ஒன்றல்ல, இரண்டு பொதுச் சாவிகள் இருந்தன. இரண்டில் எது வந்தாலும் பெட்டி ஏற்கும். இரண்டாவதன் கீழே ஒரு குறிப்பு: ‘இதன் ரகசியச் சாவி ஆபீசில் இல்லை. தமிழ்ப்ரியாவிடம்.’

தமிழ்ப்ரியா அவளுடைய தங்கை. ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன் செய்தான்.

“காயிதந்தானுங்க மாமா? பீரோவுல பத்திரமா இருக்குது.”

“படி. எழுதிக்கறேன்.”

“மாட்டேனுங்க.”

“ஏம்மா?”

“போன்ல படிக்கக் கூடாது, போட்டோ புடிச்சு அனுப்பக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கறா. நேர்ல வந்தாத்தான் குடுக்கோணும்.”

“நான் அவ புருஷன், தமிழ்.”

“அதையும் கேட்டனுங்க. ‘உங்க மாமாதான் மொதல்ல போன்ல கேப்பாரு, குடுத்துப்போடாத’ன்னா.”

பஸ் ஏறினான். கொள்ளேகாலில் மாறி, ராமாபுரத்தில் இறங்கும்போது மணி இரண்டு. கருமாதிக்குப் பிறகு அந்த ஊருக்கு வரவில்லை. வந்தால் யாராவது பேசுவார்கள் என்று வரவில்லை.

தமிழ்ப்ரியா வாங்க என்றாள். மோர் கொடுத்தாள். அழவில்லை. வோட்டர் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதத்தை எடுத்துத் தந்தாள். அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும், நான்கு நான்காகப் பதினாறு வரிகள். பிரிண்ட் இல்லை, நீல மையில் கையால் எழுதியது.

லேப்டாப்பில் அடித்தான். ரகசியச் சாவியிலிருந்து பொதுச் சாவியைக் கணக்கிட்டு எடுக்கலாம். அது பெட்டியில் பதிந்ததோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை.

தமிழ்ப்ரியா அவன் தோளுக்குப் பின்னால் நின்று வரி வரியாகப் பார்த்தாள். “இங்க ஒண்ணுன்னு அடிச்சிருக்கறீங்க. அது ஏழுங்க மாமா. அக்கா ஏழ ஒல்லியாப் போட்டு நடுவுல கோடு இழுப்பா. வருசமெல்லாம் கூட இருந்துபோட்டு இது தெரியாதுங்களா?”

திருத்தினான். ஒத்துப்போனது.

பரத்வாஜ் இதற்குள் ஆபீசில் வைத்திருந்த புதுச் சர்வரில் சாவியை ஏற்றினான். ஐந்து நிமிடத்தில் பரத்வாஜ் கூப்பிட்டார். “வருது குரு. பதினேழு... அறுபது... ஐயோ, மடமடன்னு வருது.” நாலு மணிக்கு நானூற்று ஒன்பது. மீதி மூன்றில் ஃபியூஸ் பிடுங்கியிருந்தது என்று தெரிந்தது.

சந்துரு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். நன்றி என்ற ஒன்று நெஞ்சுக்குள் மெல்ல ஊறியது. ஏழு மாதத்தில் அவனுக்கு என்று வந்த முதல் உணர்ச்சி அதுதான். இரண்டாவது சாவி எதற்கு, ஒன்று போதாதா என்று அன்றைக்கு அவளைக் கேலி செய்தவன் அவன். அவள் அதை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தான்; எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தப் பெண் சொன்ன சொல் மாறாமல் காத்திருக்கிறாள்.

“உனக்கு ரொம்ப நன்றிம்மா,” என்றான்.

“எனக்கெதுக்குங்க,” என்றாள். “இதக் கிழிச்சுப்போடட்டுங்களா?”

“கிழிச்சுரு. இது இப்ப ஆபீசுக்குப் போயிருச்சு. பெட்டிகள்ல புதுசா ஒண்ணு பதியவெச்சு, அதோட ரகசியச் சாவிய எழுதித் தரேன். அதையும் வெச்சிரு.”

எழுதினான். ஏழு வந்த இடத்திலெல்லாம் நடுவில் கோடு இழுத்தான். தமிழ்ப்ரியா வாங்கிக் கவரில் வைத்தாள். பிறகு தையல் மெஷினைப் பார்த்தபடி கேட்டாள்.

“கடைசியா அக்கா என்னங்க சொன்னா மாமா?”

“அன்னிக்கே சொன்னனே. எல்லாரையும் பாத்துக்கச் சொன்னா.”

“அது அக்கா பேசற மாதிரியே இல்லீங்க.”

ஆமாம், இல்லைதான். துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவனாகக் கட்டிய வார்த்தை அது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள் காலை, அவன் கேன்டீனுக்குக் கிளம்பிக் கதவுவரை போனபோது கூப்பிட்டாள். கேன்டீனிலிருந்து திரும்பி வருவதற்குள் அவளை ஐசியூவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கூப்பிட்டுச் சொன்னதை, அவள் சொன்னபடியே தமிழ்ப்ரியாவிடம் சொன்னான்.

“ரெண்டு இட்லி சேத்தி வாங்கியாங்க. பக்கத்துப் பெட்டு அம்மாவுக்கு ஆரும் வரலீங்க.”