சொல்லுக்கு நாலு சதவீதம்

நோர்வேயில் யாரோ ஒருவர் றோசலின் எழுதிய ஆங்கிலத்தைப் படித்துவிட்டு மூன்று டின் தேயிலை வாங்கினாராம். வாங்கியதோடு நிற்காமல், இந்த வரிகளை எழுதியது யார் என்றும் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் றொனால்ட், கொழும்பில் இருந்துகொண்டு ஒன்லைனில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தேயிலை விற்பவர். அவர் அந்தக் கேள்வியை அப்படியே றோசலினுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே ஒரு சிரித்த முகத்தையும் போட்டிருந்தார். காசு போடவில்லை. ஒரு பக்கம் எழுதினால் ஆயிரம் ரூபா என்றுதான் பேச்சு. அந்தப் பக்கத்துக்கான ஆயிரம் எப்போதோ வந்து அரிசியும் பருப்புமாகி வயிற்றுக்குள் போய்விட்டது.

றோசலின் இருப்பது டிக்கோயாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ஏழு வருடம் படிப்பித்தாள். பிள்ளைகள் குறைந்துபோய் அதை மூடியபோது, ஒரு நல்ல ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆங்கிலத்தை என்ன செய்வதென்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. பிறகுதான் றொனால்டின் வேலை, மாதா கோயில் சிஸ்டர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது. தேயிலை டின்னுக்குள் இருப்பதைப் பற்றி, அதைக் குடிக்கப் போகிறவரின் நாக்கில் எச்சில் ஊறும்படி எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் மண்டையை உடைப்பாள்.

மாதம் பத்துப் பக்கம் எழுதினாலும் பத்தாயிரம்தான். புருஷன் இக்னேசியஸ் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவன். அவனுடைய சம்பளத்தையும் இதையும் சேர்த்தால் மாதத்தில் இருபது நாள் ஓடும். மிச்சம் பத்து நாள்தான் வீட்டில் சண்டை. அதனால்தான் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. ஹட்டனில் சுமன் என்றொருவர், பெண்களைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர். மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்லு தங்கச்சி என்று தவணை கொடுத்திருந்தார். போனால் இரண்டு வருடம். மகள் ஷாமிலாவுக்குப் பத்து வயது. தாய் பக்கத்தில் உட்காராவிட்டால் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். வீட்டிலிருந்தே மாதம் நாற்பத்தையாயிரம் வந்தால் போகத் தேவையில்லை. கணக்கு இவ்வளவுதான், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போனில் ஒரு இலவச வகுப்பு வந்து விழுந்தது. கழுத்து நிறைய மணி போட்ட ஒரு பெண்மணி, வீட்டிலிருந்தே ஒன்லைனில் வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் எடுத்தார். "உங்கள் நேரத்தை விற்காதீர்கள். உங்கள் வேலையால் வாடிக்கையாளருக்கு எவ்வளவு கிடைத்தது என்று பாருங்கள். அதில் ஒரு பங்குதான் உங்கள் விலை." றோசலின் கோயில் படியில் உட்கார்ந்து, அங்கேதான் சிக்னல் இருக்கும், அதை மூன்று தடவை கேட்டாள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கூலி என்றால் நாள் கணக்கு, இல்லாவிட்டால் கிலோக் கணக்கு. பறித்த கொழுந்து லண்டனில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக் கூலி வாங்கியவர் அவளுடைய வம்சத்தில் கிடையாது. அப்படிக் கேட்கலாம் என்பதே அவளுக்குப் புதினமாக இருந்தது. கோபமும் வந்தது, இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே என்று.

அவள் எழுதுவதற்கு முன்னால் மாதம் நாற்பது டின் விற்றது. எழுதிய பிறகு முந்நூறு. இதை றொனால்டே வாய் நிறையச் சிரித்து ஒரு குரல் பதிவில் சொல்லியிருந்தார். டின் ஐயாயிரம் ரூபா. முந்நூறு டின் என்றால் பதினைந்து இலட்சம். இதில் மாதம் ஐம்பதாயிரம் கேட்டால் அநியாயமா?

இக்னேசியஸ் வேலை முடிந்து வந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவனுக்கு இதையெல்லாம் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எவ்வளவு வித்துச்சுன்னு யாரு சொல்றது?" என்றான்.

"அவருதான். கம்பியூட்டர்ல எல்லாம் இருக்குமாமே."

"அப்ப தராசு அவரு கையில."

"நீங்க ஒன்னு. எல்லாத்தையும் கொழுந்து மடுவம் மாதிரியே பாக்காதீங்க."

அவன் சவர்க்காரத்தைக் கழுவினான். கொழுந்து நிறுக்கிற அந்த மடுவத்தில் தினமும் மூட்டையைத் தராசில் ஏற்றுகிறவன் அவன். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழிப்பதைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போனவன். நல்லது நடக்கும் என்று யாராவது சொன்னால் அவனுக்கு முதலில் கழிவுதான் ஞாபகம் வரும். றோசலினுக்கு அன்று அவன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை கோயில் படியிலிருந்து றொனால்டுக்குப் பேசினாள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கோபப்படுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"நீங்க சொல்றது நூறு வீதம் சரி றோசலின். பக்கத்துக்கு ஆயிரம் குடுக்கிறது எனக்கே வெட்கமா இருந்திச்சு. ஆனா ஐம்பதுன்னு ஏன் ஒரு இடத்துல நிக்கிறீங்க? உங்க சொல்லு எவ்வளவு வித்துக் குடுக்குதோ அதுல நாலு சதவீதம் உங்களுக்கு. கூட வித்தா கூட எடுங்க."

பதினைந்து இலட்சத்தில் நாலு சதவீதம் அறுபதாயிரம். அவள் கேட்டதைவிடப் பத்தாயிரம் கூட. "சரிங்க சேர், சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். படியில் இறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை. சுமனுக்குப் போன் போட்டு, நான் போகலைங்க அண்ணே, என்றாள். அவர், "நல்லது தங்கச்சி, பாஸ்போட்ட பத்திரமா வச்சுக்க," என்று மட்டும் சொன்னார். அனுபவப்பட்ட மனுஷன்.

அந்த மாதம் றோசலின் எழுதிய மாதிரி அதற்கு முன்னால் எழுதியதே இல்லை. பழைய பக்கங்களையும் எடுத்துத் திரும்பத் தீட்டினாள். பன்னிரண்டு பக்கம் கேட்ட இடத்தில் இருபது கொடுத்தாள். விற்றால்தானே காசு. சமைக்கும்போதும் சொல் தேடினாள், குழம்பு அடிப்பிடித்தது. ஷாமிலாவிடம், "அம்மா எங்கயும் போகலடி," என்று சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டது.

மாதம் முடிந்து கணக்கு வந்தது. விற்றது முந்நூறு டின்தான், றொனால்ட் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் நூற்று நாற்பது டின் முன்பே வாங்கிப் பழகியவர்கள் வாங்கியது. அவர்கள் அவளுடைய சொல்லைப் பார்த்து வரவில்லை. மிச்சத்தில் பாதி, விளம்பரத்துக்குக் காசு கட்டியதால் வந்தது. பதினொரு டின் தபாலில் நசுங்கித் திரும்பிவிட்டது. கடைசியாக, பக்கத்தில் ஒரு படமும் இருக்கிறது. மலையையும் பனியையும் படம் எடுத்தவர் வேறு ஆள். வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வாங்கினாரா, சொல்லைப் படித்து வாங்கினாரா? பாதிக்குப் பாதி. இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் றோசலினின் சொல் விற்றுக் கொடுத்தது முப்பத்து நாலு டின். அவளுடைய பங்கு ஆறாயிரத்து எண்ணூறு ரூபா.

கணக்கைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடியும் கூட்டினாள். தப்பாகப் படிக்கவில்லை. உடனே போன் போட்டாள்.

"சேர், இதுல எல்லாத்தையும் கழிச்சிட்டீங்களே."

"கழிக்கல்ல றோசலின். பிரிச்சிருக்கேன். மதிப்புக்கு விலைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப யாருக்கு எவ்வளவு மதிப்புன்னு சரியா அளக்கணும்தானே. படத்துக்காரருக்கும் குடும்பம் இருக்கு."

அவர் சொல்வதில் எங்கே பிழை என்று அவளால் கையை வைத்துக் காட்ட முடியவில்லை. அதுதான் அவளை உள்ளுக்குள் தின்றது. ஏமாற்றியிருந்தால் ஏமாற்றிவிட்டான் என்று ஒப்பாரி வைக்கலாம். இது அவள் வாயாலேயே கேட்டு வாங்கியது. இக்னேசியஸிடம் தொகையை மட்டும் சொன்னாள். அவன், நான் அப்பவே சொன்னேனே, என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் பால் இல்லாத பிளேன்டியைக் குடித்துவிட்டு, சீனி டப்பாவை இறுக மூடி வைத்தான்.

அடுத்த மாதம் ஐயாயிரத்து இருநூறு.

றோசலின் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, பழையபடி பக்கத்துக்கு ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம் சேர், என்று கேட்டாள். றொனால்டின் குரலில் உண்மையிலேயே இரக்கம் இருந்தது. இனிப் பக்கம் தேவைப்படாது என்றார். அவள் இதுவரை எழுதிய அத்தனை பக்கங்களையும் கம்பியூட்டருக்குக் கொடுத்து, இதைப் போலவே எழுது என்று சொன்னால் அது நிமிடத்துக்கு ஒன்று எழுதித் தள்ளுகிறதாம். "உங்க ஸ்டைல் அப்படியே வருது றோசலின். நீங்களே பாத்தா கண்டுபிடிக்க மாட்டீங்க." அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மாதிரிக்கு ஒன்றை அனுப்பியும் வைத்தார். றோசலின் படித்தாள். கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. அவள் இரண்டு நாள் இருந்து எழுதுகிற பக்கம் அச்சு அசலாக அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் படியிலேயே இருந்தாள். அழுகை வரவில்லை, வெறும் அசதிதான்.

அந்த வாரமே ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். சுமனின் அலுவலகம் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். இவளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வயசு?"

"முப்பத்து நாலுங்க."

"சமையல்?"

"தெரியும்."

"சீக்கு ஒன்னுமில்லையே. பாஷை ஏதாவது தெரியுமா? அரபி பேசுவியா?"

"அரபி தெரியாதுங்க. இங்கிலிஸ் தெரியும்."

எல்லோரும் இங்கிலிஸ் தெரியும் என்றுதான் சொல்வார்கள். சுமன் மேசையில் கிடந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையைத் தள்ளி, வாசி என்றார். றோசலின் வாசித்தாள். ஒரு பந்தி முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். பேனையை வைத்துவிட்டு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொழும்புக்குப் போன் போட்டு, சிங்களத்தில் வேகமாகப் பேசினார். றோசலினுக்குப் பாதி விளங்கியது. மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு பெரிய வீடு. வீட்டு வேலையோடு பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் வீட்டுப் பாடமும் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமென்று நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"அதிஷ்டக்காரி," என்றார் சுமன், போனை வைத்துவிட்டு. "போறதுக்கு முன்னாடி நாங்க குடுக்கிற கைக்காசு மத்தவங்களுக்கு ரெண்டு இலட்சம். உனக்கு மூன்றரை. சம்பளத்துலயும் நாப்பதாயிரம் கூட. இங்கிலிஸ் இல்லாட்டி இந்த வீடு கெடைக்காது தங்கச்சி."

"அதுல ஏதாவது கழிப்பாங்களா?"

"ஒன்னும் கழிக்க மாட்டாங்க. முழுசும் உன்கிட்ட."

முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளுடைய ஆங்கிலத்தைக் காதால் கேட்டு, பெறுமதி பார்த்து, ஒரு சதம் குறையாமல் விலை சொன்னார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்ததை நினைத்து உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று கேட்டாள். ஐந்து இடத்தில் போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இக்னேசியஸ் இன்னும் லொறியோடு இருந்தான். ஷாமிலா பாயில் ஆங்கிலப் புத்தகத்தோடு காத்திருந்தாள். அம்மா வந்த பிறகுதான் திறப்பது என்று அதை மூடியே வைத்திருந்தாள். றோசலின் சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்கே சொல்லிவிடுவதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். நாளைக்குத் தள்ளினால் தைரியம் போய்விடும். சொன்னாள். சம்பளத்தைச் சொன்னாள், இரண்டு வருடம் ஓடிவிடும் என்று சொன்னாள், தினமும் போனில் முகம் பார்க்கலாம் என்று சொன்னாள். பிள்ளை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன வேலை?"

"சமையல். அப்புறம் அந்த வீட்டுல மூணு புள்ளைங்க. அதுங்களுக்குப் பக்கத்துல உக்காந்து இங்கிலிஸ் பாடம் சொல்லிக் குடுக்கணும்."

"அதுங்களுக்கு அம்மா இல்லையா?"

"இருக்காங்க."

ஷாமிலா புத்தகத்தைத் தானே திறந்து, தாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தனியே கூட்டத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாள். றோசலின் திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல், தப்பாகவே வாசித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.