பங்களாவுக்குப் பின்னால் ஒரு மேசை

வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மேற்பார்வையாளரான கண்டாக்கு பத்திநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளையிலருந்து காலையில யாரும் பங்களாவுக்குப் பின்னால இருக்கிற பாதையில பீலிக்குப் போகக்கூடாது. தொரசாணி குருவிகளைப் படம் எடுக்கிறாங்க. ஆள் நடமாட்டம் இருந்தா குருவி வராதாம்."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். மீனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப தண்ணிக்கு எந்த வழியாப் போறதுங்க ஐயா?"

"கீழ ஓடை வழி இருக்குல்ல? அதுல போ."

மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களுக்கு ஊற்றுநீர் விழும் அந்த ஒரு பீலிதான் தண்ணீர். பங்களாவுக்குப் பின்னால் போனால் அடுப்பில் வைத்த கேத்தல் கொதிப்பதற்குள் குடத்தோடு திரும்பிவிடலாம். ஓடை வழி என்றால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடியும் மேட்டில் ஏற வேண்டும். ஆடி மாதத்துத் தூறலில் அந்த மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஆனால் தோட்டத்தில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். அவர் மனைவி துரைசாணி சீமையிலிருந்து புதிதாக ஒரு படப்பெட்டி வரவழைத்திருந்தாள். பின்புறப் புல்தரையில் ஒரு சின்ன மேசையைப் போட்டு, அதில் பப்பாசித் துண்டும் பாண் ரொட்டியும் வைத்து, எதிரே பச்சைக் கித்தானில் கூடாரம் அடித்து, விடிந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாளாம். பங்களா சமையல்காரன் சொன்ன கதை இது.

"குருவிக்குப் பாணு. நமக்கு வழி கிடையாது" என்றாள் மீனம்மா வீட்டுக்கு வந்து.

அவள் புருஷன் அழகுமுத்து பீடியைப் பற்ற வைத்தான். "கொஞ்ச நாளைக்குத்தானே புள்ள. வம்பு எதுக்கு?"

"தண்ணி தூக்குறது நீயா, நானா?"

அவன் பீடியோடு வாசலுக்குப் போய்விட்டான்.

பெண்கள் இருட்டோடு எழுந்து ஓடை வழியாகப் போனார்கள். முனகினார்கள், திட்டினார்கள், ஆனாலும் போனார்கள். லயத்தில் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பிராவில் இருந்த பேச்சியம்மா நிறைமாதக்காரி. "நீ வராத, உனக்கும் சேத்து நான் கொண்டாறேன்" என்று மீனம்மா சொல்லியிருந்தாள். ஒருநாள் மீனம்மாவுக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பேச்சியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தானே இறங்கினாள்.

பள்ளத்தில் விழுந்தவளைக் கம்பளியில் போட்டுத்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கண்டாக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்து நடக்கக் கூடாதா?"

அந்த ஒரு சொல்தான் மீனம்மாவின் நெஞ்சுக்குள் நெருப்பாக விழுந்தது. காய்ச்சல் உடம்போடு நின்றவள் பேச்சியம்மாவின் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பங்களாப் பாதையில் ஏறினாள்.

மேசை மேல் குருவிகள் இருந்தன. இலைப்பச்சை உடம்பும், கன்னத்தில் மஞ்சள் மயிர்க்கற்றையுமாக மூன்று நான்கு கொண்டைக் குருவிகள் பப்பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தன. அவள் பக்கத்தில் வந்தும் அவை பறக்கவில்லை. குடமும் கையுமாகப் பெண்கள் போய்வருவதைப் பிறந்ததிலிருந்தே பார்த்த குருவிகள் அல்லவா?

"ஏய்! போ! போ! குருவி பயம்!"

துரைசாணி கூடாரத்திலிருந்து பாய்ந்து வந்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் குருவிகள் எல்லாம் விர்ரென்று எழும்பிப் போயின.

மீனம்மா குடத்தைக் கீழே வைத்தாள். மேசையைப் பார்த்தாள். ஒரு முழ அகலப் பலகை, நான்கு கால். இந்தப் பலகைக்காக ஒரு லயம் முழுவதும் பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது. இதை நகர்த்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆட்களை நகர்த்துவதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அவள் குனிந்து, பப்பாசியும் பாணும் சிந்தாமல் மேசையைத் தூக்கினாள். புல்தரையைத் தாண்டி, பங்களாவின் மறுபக்கத்தில் சைப்பிரஸ் வேலியோரம் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்க வச்சா உங்களுக்குப் படமும் கிடைக்கும், எங்களுக்குத் தண்ணியும் கிடைக்கும்."

துரைசாணிக்கு என்ன புரிந்ததோ, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மீனம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

பத்து மணிக்கு ஆபிசுக்குக் கூப்பிட்டார்கள். துரை மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு இருந்தார். கண்டாக்கு நடுவில் நின்றார்.

"மன்னிப்புக் கேள், விட்டுடுவாங்க" என்றார் தணிந்த குரலில்.

"எதுக்குங்க கேக்கணும்? பேச்சியம்மா கால் ஒடிஞ்சி கெடக்கிறா. நெறமாசக்காரி. வழிய மறிச்சதாலதான் விழுந்தா. குருவிக்கு இருக்கிற மதிப்பு எங்களுக்கு இல்லையான்னு தொரைகிட்டக் கேளுங்க."

கண்டாக்கு இங்கிலீசில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். துரை தலையசைத்தார்.

"நான் இவ்வளவு சொன்னேன். நீங்க ரெண்டு சொல்லுல முடிச்சிட்டீங்களே ஐயா. காலு ஒடிஞ்சதச் சொன்னீங்களா?"

பத்திநாதன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மீனம்மா துரையின் பக்கம் திரும்பி, தன் கணுக்காலைத் தொட்டு, குச்சியை ஒடிப்பது போலக் கையால் காட்டி, வயிற்றையும் காட்டினாள். துரை கண்டாக்கைப் பார்த்தார். அவர் இப்போது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியதாயிற்று. துரை பேனாவை மூடி வைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மீனம்மாவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை.

செய்தி லயத்துக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. மறுநாள் காலையில் அவள் குடத்தோடு வெளியே வந்தபோது வாசலில் மேல் லயத்துப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். வரிசையாகப் பங்களாப் பாதையில் ஏறிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. எத்தனை பேருடைய பேரை வேலையிலிருந்து வெட்டுவது? வெட்டினால் கொழுந்தை யார் எடுப்பது?

மேசை சைப்பிரஸ் வேலியோரமே இருந்தது. அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழுகிறதாம், படம் தெளிவாக வருகிறதாம். துரைசாணிக்கு ரொம்பச் சந்தோஷம் என்று சமையல்காரன் சொன்னான்.

மீனம்மா வேலைக்குத் திரும்பிய அன்று கண்டாக்கு பெரட்டில் அறிவித்தார்.

"தொரசாணி பெரிய மனசு பண்ணி உங்களுக்குப் பாதையைத் திறந்து விட்டிருக்காங்க. சாயங்காலம் பங்களா வாசல்ல வந்து எல்லாரும் ஒரு சலாம் போட்டுட்டுப் போங்க."

மீனம்மாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"எங்க வழிய எங்களுக்கே குடுத்ததுக்கு சலாமா? முதல்ல அவங்கள ஆஸ்பத்திரிக்கு வந்து பேச்சியம்மாவப் பாக்கச் சொல்லுங்க. சலாம் அப்புறம் பாக்கலாம்."

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் பங்களா வாசலுக்கு யாரும் போகவில்லை. துரைசாணியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.