பதினேழு கல்யாணமும் ஒரு டாக்ஸியும்

ஓஃபீர் ரோட்டு மாதா கோயிலில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துக்கு இயேசுதாசனைத்தான் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக்குள் பதினேழு ஜோடிகளுக்குப் போட்டுவிட்டார். பிரியாணி தவிர வேறு பலன் இல்லை, வில்லங்கமும் இல்லை.

அதனால், அடுத்த அறையில் குடியிருந்த மருதப்பன், தவணையில் டாக்ஸி வாங்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றதும் அவர் யோசிக்கவில்லை. கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு டோபி காட் பகுதியில் இருந்த தவணைக் கம்பெனி ஆபீசுக்கு அவனோடு கிளம்பிவிட்டார்.

வாசலிலேயே நின்றது வண்டி. மீட்டர் பொருத்திய புது மோரிஸ். மருதப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் மூன்று பிரதிகள். இரண்டில் இயேசுதாசன் கையெழுத்திட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார். மூன்றாவதை நகர்த்தும்போது குமாஸ்தா அஸ்மத் அவருடைய மாதச் சம்பளத்தைக் கேட்டார்.

பேனா நின்றது. சாட்சிக்குச் சம்பளம் எதற்கு?

“சாட்சியா? நீங்க ஜாமீன் லா,” என்று மலாய் இழுவையில் சொன்னார் அஸ்மத். “இவர் கட்டலேன்னா நீங்க கட்டணும்.”

“எவ்வளவு?”

“மிச்சம் இருக்கிற அத்தனையும்.”

குவீன்ஸ்டவுனில் புது வீடு பிடிப்பதற்காக மனைவி பிலோமினம்மாள் மூன்று வருடமாகச் சேர்த்துவரும் முன்பணம் அவர் கண்முன் வந்து நின்றது. வேண்டாமென்றால் இரண்டையும் கிழித்துவிடலாம், ஆனால் வண்டி கிடையாது என்றார் அஸ்மத்.

மருதப்பன் தலைகுனிந்தான். “எனக்குத் தெரியும்ணே. சொன்னா வரமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவருக்கு. ஆனால் இந்தப் பயல் ஆறு வருடமாக சேக் தாவூதின் வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுகிறவன்.

“அவருக்கு என்னைக்காவது வாடகை பாக்கி வச்சிருக்கியா?”

“காய்ச்சல்ல படுத்த அன்னைக்கும் குடுத்தேன். என் பொஞ்சாதி கண்மணியோட வளையலை அடகு வச்சு.”

இயேசுதாசன் மூன்றாவதிலும் போட்டார். கோடு இழுக்கவில்லை.

“உங்க அண்ணிகிட்ட நீதான் சொல்லணும்,” என்றார்.

முதல் ஓட்டம் அண்ணனுக்குத்தான் என்று மருதப்பன் அவரைப் பின்சீட்டில் முதலாளி மாதிரி உட்காரவைத்தான். காத்தோங் கடற்கரையைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வீடு என்றான். ஹாரனை ஆளில்லாத இடத்திலும் அடித்தான். சன்னலோரக் காற்றில் இயேசுதாசனுக்கே சிரிப்பு வந்தது. ஒரு லாரி உரசுவதுபோல் வந்தபோது மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

சிலிகி ரோட்டில் இரண்டு கூடைகளோடு ஒரு சீனப் பெண் கை காட்டினாள். ஆள் இருக்கிறது என்று மருதப்பன் பின்பக்கம் காட்டி வண்டியை விரட்டினான்.

“நிறுத்துடா.”

“அண்ணே, காத்தோங்…”

“நிறுத்து.”

இறங்கி, அவளுடைய கூடைகளைத் தாமே தூக்கி உள்ளே வைத்தார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மருதப்பன் திருதிருவென்று விழித்தான்.

“என்ன பாக்குறே? மீட்டரைப் போடு.”

வீடு இருந்த சிராங்கூன் ரோடு வரை வெயிலில் நடந்தார் இயேசுதாசன், ஒவ்வொரு முனையிலும் எத்தனை பேர் டாக்ஸிக்கு நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே.